ஏழு வருஷமா, மேடம்?

வாசகர் கேள்விகளுக்கு வழக்கறிஞரின் பதில்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் எஃப்.ஐ.ஆரைப் போனில் படமெடுத்து அனுப்பியவை. பிரிவு எண்களைச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டு, கீழே ‘எத்தனை வருஷம்?’ என்று எழுதியிருக்கிறார்கள். திண்டுக்கல்லில் இருபத்து நான்கு ஆண்டுகளாகக் கிரிமினல் வழக்கு நடத்துகிறேன். முதல் நாள் என் முன்னால் உட்காருகிறவர் கேட்பதும் இதே கேள்விதான்.

*

கேள்வி: என் மகனுக்கு 20 வயது. பொங்கல் முடிந்த மறுநாள் தண்ணீர்க் குழாய்த் தகராறில் என் கொழுந்தனார் வீட்டாரோடு கைகலப்பாகிவிட்டது. அவர்கள் கார்க் கண்ணாடி உடைந்துவிட்டது. மகன் மீது 296(பி), 115(2), 351(3), அப்புறம் டி.என்.பி.பி.டி.எல். சட்டம் 3(1) என்று எஃப்.ஐ.ஆர். போட்டிருக்கிறார்கள். ஏழு வருஷம் உள்ளே போவான் என்று தெருவில் பேசுகிறார்கள். அவன் போலீஸ் வேலைக்குப் படிக்கிறவன். சாட்சிகளை மாற்றிச் சொல்ல வைத்து ராஜியாக முடித்துவிடலாம் என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்கிறார்கள். எனக்குத் தூக்கமே இல்லை.
— ஒரு தாய், ஒட்டன்சத்திரம் அருகே

பதில்: அம்மா, முதலில் அந்த ஏழு வருஷத்தைப் பார்ப்போம்.

உங்கள் மகன் மீது இருக்கும் முதல் மூன்று பிரிவுகளும் பாரதிய நியாய சன்ஹிதாவில் வருபவை. 2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக அமலில் இருக்கும் மத்தியச் சட்டம் அது. பழைய எண்ணில் சொன்னால் 294(பி), 323, 506(2). தமிழ்நாட்டுக் காவல் நிலையங்களில் இட்லி, சட்னி, சாம்பார் மாதிரி இந்த மூன்றும் சேர்ந்தேதான் வரும். ‘அசிங்கமாகத் திட்டி, கையால் அடித்து, கொன்றுவிடுவேன் என்று மிரட்டி’ என்ற வரி உங்கள் எஃப்.ஐ.ஆரிலும் இருக்கும், எடுத்துப் பாருங்கள்.

திட்டியதற்கு அதிகபட்சம் மூன்று மாதம், அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அடித்ததற்கு ஒரு வருடம் வரை, அல்லது பத்தாயிரம் வரை அபராதம், அல்லது இரண்டும். இது சாதாரணக் காயத்துக்கு. எதிராளிக்கு எலும்பு முறிந்தாலோ பல் உடைந்தாலோ அது கொடுங்காயமாகிவிடும். பிரிவும் 117(2) என்று மாறி, ஏழு வருடம் வரை போகும். அதனால் அரசு ஆஸ்பத்திரியில் அவர்களுக்குப் போட்ட ஏ.ஆர். காப்பியில், அதாவது காயங்களைக் குறித்து வைக்கும் விபத்துப் பதிவேட்டின் நகலில், என்ன எழுதியிருக்கிறது என்பதை உங்கள் வக்கீல் முதலில் பார்க்கட்டும்.

தெருவில் பேசும் ஏழு வருஷம் 351(3)-இல் இருந்து வருகிறது. கொலை மிரட்டலுக்கு ஏழு வருடம் வரை என்று அதில் உண்மையாகவே எழுதியிருக்கிறது. ஆனால் அந்த வழக்கை விசாரிப்பவர் முதல் வகுப்பு நீதித்துறை நடுவர், அதாவது நாம் ஜே.எம். கோர்ட் என்கிறோமே, அங்கே இருப்பவர். அவர் விதிக்கக்கூடிய அதிகபட்சச் சிறையே மூன்று வருடம்தான். அது போதாது என்று நினைத்தால் தலைமை நீதித்துறை நடுவருக்கு வழக்கை அனுப்பலாம். குழாயடிச் சண்டை வழக்கில் அப்படி அனுப்பியதை நான் இதுவரை பார்த்ததில்லை. ‘கொன்னுடுவேன்டா’ என்று கத்தினால் மட்டும் இந்தப் பிரிவு நிற்காது. எதிராளியைப் பயமுறுத்தும் நோக்கம் இருந்ததா என்பதையும் பார்க்க வேண்டும். பெங்களூரு போக்குவரத்து போலீசின் ஃபேஸ்புக் பக்கத்தில் கோபமாகக் கருத்துப் போட்ட மாணிக் தனேஜா வழக்கில், 2015-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதும் இதைத்தான்.

நான் கவலைப்படுவது உங்கள் பட்டியலில் நாலாவதாக இருக்கும் டி.என்.பி.பி.டி.எல். பற்றி. அது மாநிலச் சட்டம். தமிழ்நாடு சொத்து சேதம் மற்றும் இழப்பு தடுப்புச் சட்டம், 1992. ஊர்வலம், மறியல் என்று வரும்போது பஸ் கண்ணாடியை உடைக்கிறவர்களை மனதில் வைத்து, பொதுச் சொத்துக்கென்று வந்த சட்டம் இது. பிறகு திருத்தம் செய்து, பெயரில் இருந்த ‘பொது’வை எடுத்துவிட்டுத் தனியார் சொத்தையும் சேர்த்துக்கொண்டார்கள். அதன் பிறகு பங்காளிச் சண்டையில் உடையும் பைக் கண்ணாடிக்கும் இது வர ஆரம்பித்தது. சேதம் நூறு ரூபாய்க்கு இருந்தாலே போதும்.

வித்தியாசத்தைப் பாருங்கள். அதே கண்ணாடிக்கு மத்தியச் சட்டத்தின் சாதாரணச் சேதப் பிரிவைப் போட்டிருந்தால் அதிகபட்சம் ஆறு மாதம், அல்லது வெறும் அபராதத்தோடும் போய்விடலாம். மாநிலச் சட்டத்தின் 3(1)-இல் குறைந்தபட்சமே ஒரு வருடம், அதிகபட்சம் ஐந்து வருடம், கூடவே அபராதம். ‘வரை’ என்று மட்டும் எழுதியிருந்தால் நீதிபதி ஒரு நாள் சிறையோடும் நிறுத்திக்கொள்ளலாம். ‘குறைந்தது’ என்று வந்தால் அவர் கை கட்டப்பட்டுவிடுகிறது. இனிமேல் எஃப்.ஐ.ஆரைப் பார்க்கும்போது பெரிய எண்ணைத் தேடாதீர்கள், இந்த ‘குறைந்தது’ இருக்கிறதா என்று கேளுங்கள்.

மூன்று வருடத்துக்கு மேல் தண்டனை உள்ள மாநிலச் சட்டக் குற்றம் என்பதால் பொது அட்டவணைப்படி இது ஜாமீனில் விட முடியாத வகை. பெயரைக் கேட்டுப் பதற வேண்டாம். ஜாமீனே கிடைக்காது என்று அதற்கு அர்த்தமில்லை, ஸ்டேஷனில் கேட்டு உரிமையாக வாங்க முடியாது, கோர்ட்டில் மனுப் போட வேண்டும், அவ்வளவுதான். திண்டுக்கல் செஷன்ஸ் கோர்ட்டிலோ உயர் நீதிமன்ற மதுரைக் கிளையிலோ முன்ஜாமீன் கேட்கலாம். ஏழு வருடம் வரை தண்டனையுள்ள குற்றங்களில் போலீசார் எடுத்ததுமே கைது செய்யக் கூடாது, நோட்டீஸ் கொடுத்து விசாரிக்க வேண்டும் என்று 2014-இல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இன்று அது, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 35(3) நோட்டீஸ். உங்கள் வீட்டுக்கு வந்திருந்தால் மகன் அந்தத் தேதியில் கண்டிப்பாகப் போகட்டும். போகாமல் இருந்தால் அதையே காரணம் காட்டிக் கைது செய்ய முடியும்.

இன்னொன்று, எஃப்.ஐ.ஆர். என்பது குற்றச்சாட்டு அல்ல. விசாரணை முடிந்து குற்றப்பத்திரிகை வரும்போது பிரிவுகள் கூடலாம், குறையலாம். அதற்குப் பிறகு கோர்ட்டே குற்றச்சாட்டு வனையும்போதும் மாறலாம். கண்ணாடியை உடைத்தது உங்கள் மகன்தான் என்பதற்கு யார் சாட்சி, மெக்கானிக் பில் எந்தத் தேதியில் வாங்கியது, சம்பவ இடத்தைப் பார்த்து போலீசார் எழுதிய மகஜரில் என்ன இருக்கிறது என்பதெல்லாம் உங்கள் வக்கீல் கேட்க வேண்டியவை. உங்கள் பக்கத்திலும் அடிபட்டிருந்தால் எதிர்ப்புகார் கொடுத்தீர்களா? இல்லை என்றால் இன்றைக்கே கொடுங்கள்.

இப்போது போலீஸ் வேலை. ஊர்ப் பெரியவர்கள் நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள், ஆனால் இந்த ஒரு விஷயத்தில் அவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். சாட்சிகள் கூண்டில் ஏறி ‘எனக்கு ஒன்றும் தெரியாது’ என்று பல்டி அடித்தால் மகன் விடுதலையாவான், உண்மை. மற்ற வேலைகளுக்கு அது போதுமானதாகவும் இருக்கலாம். தமிழ்நாடு காவல் சார்நிலைப் பணி விதி வேறு மாதிரி. புகார்தாரர் பிறழ் சாட்சியானதால் விடுதலை ஆனவரையும், சந்தேகத்தின் பலனில் விடுதலை ஆனவரையும் அது ‘குற்ற வழக்கில் தொடர்புடையவர்’ என்றே கணக்கில் எடுக்கிறது. 2008-இல் சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வு இந்த விதியை ஏற்றுக்கொண்டது. போலீசாரே ‘தவறான தகவல்’ என்று வழக்கை முடிப்பதும், குற்றமே நடக்கவில்லை என்று கௌரவமாக விடுதலை ஆவதும்தான் அவனுக்கு உதவும். எழுத்துத் தேர்வு, உடற்தகுதி எல்லாம் தாண்டி, சரிபார்ப்பில் இதனால் நின்றுபோன பிள்ளைகள் மூன்று பேருக்கு ரிட் மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதுப் பிள்ளைகள். தாங்கள் விடுதலை ஆனதே தங்களுக்கு எதிராக நிற்கிறது என்பதை அவர்களுக்கு விளக்குவது பெரும்பாடு.

அதனால் சமாதானம் பேச வேண்டுமென்றால் இப்போதே, குற்றப்பத்திரிகைக்கு முன்னால் பேசுங்கள். உங்கள் கொழுந்தனார் விசாரணை அதிகாரியிடம் நடந்ததை உள்ளபடி சொல்லட்டும். விண்ணப்பத்தில் ‘உங்கள் மீது வழக்கு உண்டா’ என்ற இடத்தில் ‘இல்லை’ என்று எழுதவே எழுதாதீர்கள். மறைத்தது தெரிந்தால் சின்ன வழக்கும் பெரிதாகிவிடும். எந்த வழக்கை மறைத்தால் என்ன ஆகும் என்று 2016-இல் அவ்தார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் விரிவாகவே சொல்லியிருக்கிறது.

*

கேள்வி: என் தம்பிக்குக் கொள்ளை வழக்கில் ஜாமீன் கிடைத்துவிட்டது. உத்தரவை எடுத்துக்கொண்டு ஜெயிலுக்குப் போனால் ‘குண்டாஸ் போட்டாச்சு, விட முடியாது’ என்கிறார்கள். கோர்ட் ஜாமீன் கொடுத்த பிறகும் எப்படி? இதற்கு எத்தனை வருஷம் தண்டனை?
— ஓர் அண்ணன், மதுரை

பதில்: தம்பி, இதற்குத் தண்டனையே கிடையாது, ஏனென்றால் இது குற்றச்சாட்டே இல்லை. சொன்னால் கோபம்தான் வரும். உள்ளே இருக்கிற உங்கள் தம்பிக்கு இரண்டும் ஒன்றுதானே.

தமிழ்நாட்டின் 1982-ஆம் ஆண்டு 14-ஆம் எண் சட்டம் இது. முழுப்பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் டீ ஆறிவிடும்: கள்ளச்சாராயக்காரர்கள், இணையவழிக் குற்றவாளிகள், போதைப்பொருள் குற்றவாளிகள், வனக் குற்றவாளிகள், குண்டர்கள், மணல் குற்றவாளிகள், பாலியல் குற்றவாளிகள் என்று ஆண்டுக்கு ஆண்டு நீண்ட பட்டியல். வெளியே இருந்தால் பொது ஒழுங்கு கெடும் என்று மாவட்ட ஆட்சியரோ மாநகர போலீஸ் கமிஷனரோ முடிவு செய்தால் விசாரணை இல்லாமலே 12 மாதம் வரை அடைத்து வைக்கலாம். நடந்ததற்குத் தண்டனை கொடுப்பது ஒன்று, நடக்கப் போவதாகச் சொல்லித் தடுத்து வைப்பது வேறு. கொள்ளை வழக்கு ஜாமீன் இதைத் தொடாது.

நாட்களை எண்ணுங்கள். கைதான ஐந்து நாளுக்குள் காரணங்களை எழுத்தில் கொடுக்க வேண்டும். 12 நாளுக்குள் மாநில அரசு உத்தரவை ஏற்க வேண்டும். மூன்று வாரத்துக்குள், இந்த உத்தரவைப் பரிசீலிக்கும் அறிவுரைக் கழகத்துக்கு அனுப்ப வேண்டும். அங்கே வக்கீல் ஆஜராக உரிமை இல்லை. அதனால் உங்கள் தம்பி என்ன பேசப் போகிறார் என்பதை ஜெயிலில் மனுப் போட்டு அவரைச் சந்திக்கும்போது சொல்லிக் கொடுங்கள்.

இதை உடைக்கிற இடம் உயர் நீதிமன்றம். ஆட்கொணர்வு மனு போட வேண்டும். உங்களிடம் கொடுத்த அந்தத் தாள் கட்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஒரு பக்கம் படிக்க முடியாமல் கறுப்பாக ஜெராக்ஸ் ஆகியிருக்கலாம், அவருக்குத் தெரியாத மொழியில் ஒரு ஆவணம் மொழிபெயர்ப்பில்லாமல் இருக்கலாம், நீங்கள் அரசுக்கு அனுப்பிய மனுவைப் பல நாள் கவனிக்காமல் வைத்திருக்கலாம். இந்த மாதிரிக் காரணங்களால் ரத்தான உத்தரவுகள் ஏராளம். 2011-இல் ரேகா எதிர் தமிழ்நாடு அரசு என்ற வழக்கு. சென்னையில் காலாவதி மருந்தை விற்றதாகப் பிடிபட்டவரை இதே சட்டத்தில் அடைத்தார்கள். ‘இது போன்ற வழக்கில் ஜாமீன் கொடுத்திருக்கிறார்கள், இவரும் வந்துவிடுவார்’ என்று உத்தரவில் பொத்தாம்பொதுவாக எழுதியிருந்தது. எந்த வழக்கு, எந்தத் தேதி, எந்தக் கோர்ட் என்ற விவரமே இல்லை என்று சொல்லி உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. உங்கள் தம்பியின் உத்தரவிலும் அந்தப் பத்தியைத் தேடிப் படியுங்கள். அவருக்கு ஜாமீன் உத்தரவு வந்த தேதியையும் குண்டாஸ் உத்தரவின் தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டு வக்கீலைப் பாருங்கள்.

பணமில்லை என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. காவலில் இருப்பவர் யாராக இருந்தாலும் இலவச வக்கீல் கேட்கலாம். போன் எண் 15100.

*

கேள்வி: காய்கறி வண்டி போட்டிருக்கிறேன். தண்டலில் பத்தாயிரம் வாங்கினேன், கையில் கொடுத்தது 8,500. தினம் நூறு ரூபாய், நூறு நாள். நடுவில் உடம்பு சரியில்லாமல் 20 நாள் கட்டவில்லை. இப்போது வட்டிக்கு வட்டி என்று 22,000 கேட்கிறார்கள். வண்டியின் ஆர்.சி. புத்தகமும் கையெழுத்துப் போட்ட வெற்று செக்கும் அவர்களிடம். போலீசுக்குப் போனால் செக்கை வைத்து என்னையே உள்ளே வைத்துவிடுவோம் என்கிறார்கள்.
— ஒரு வாசகி, திருநெல்வேலி மாவட்டம்

பதில்: அக்கா, என் அப்பாவும் தண்டல் கட்டியவர்தான். சாயங்காலம் ஆறு மணிக்கு சைக்கிள் மணிச் சத்தம் கேட்டால் வீட்டில் பேச்சு நின்றுவிடும்.

நீங்கள் சொல்வதற்கென்றே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் இருக்கிறது: அதீத வட்டி வசூலித்தல் தடைச் சட்டம், 2003. சட்டத்தின் உள்ளேயே நம் தெரு வார்த்தைகளை வைத்திருக்கிறார்கள். தின வட்டி, மணி வட்டி, கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று ஒவ்வொன்றுக்கும் விளக்கம் உண்டு. தண்டனை மூன்று வருடம் வரை சிறை, முப்பதாயிரம் ரூபாய் வரை அபராதம். நீங்கள் வாங்கிய கணக்கை மட்டும் போட்டாலே, அசல் தினமும் குறைந்துகொண்டு வருவதால், வருஷத்துக்கு நூறு சதவீதத்துக்கு மேல் வட்டி வருகிறது. 22,000 என்பது அதற்கும் மேலே.

செக் மிரட்டலைப் பற்றி. செக் திரும்பிய வழக்கு வேறு, மாற்றுமுறை ஆவணச் சட்டம் என்ற மத்தியச் சட்டத்தில் 138-ஆவது பிரிவு. அதில் யாரும் நேராக வந்து கைது செய்து கொண்டுபோக மாட்டார்கள். செக்கைப் போட வேண்டும், திரும்ப வேண்டும், உங்களுக்கு நோட்டீஸ் அனுப்ப வேண்டும், 15 நாள் அவகாசம் தர வேண்டும், அதற்குப் பிறகுதான் கோர்ட்டில் புகாரே. நோட்டீஸ் வந்தால் வாங்காமல் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். வாங்கி, கடன் எவ்வளவு, கட்டியது எவ்வளவு, செக் எப்போது, எதற்காகக் கொடுத்தது என்று பதில் அனுப்புங்கள். அந்தப் பதில்தான் பின்னால் உங்களைக் காப்பாற்றும்.

இந்த 2003 சட்டத்தில் பலருக்குத் தெரியாத ஒரு வழி இருக்கிறது. வாங்கிய கடனில் பாக்கியையும் நியாயமான வட்டியையும் நீங்களே கோர்ட்டில் கட்டி மனுப் போடலாம். அவர்கள் பிடித்து வைத்திருக்கும் உங்கள் சொத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொல்ல கோர்ட்டால் முடியும். தண்டல் அட்டை இருக்கிறதா? அதில் போட்ட ஒவ்வொரு டிக்கும் ஆதாரம். அட்டை அவர்களிடம் என்றால், ஜி-பேயில் அனுப்பிய நாட்களின் விவரத்தை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். புகாரைக் காவல் நிலையத்தில் வாங்க மறுத்தால் எஸ்.பி. அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். புகார் வந்தது என்பதற்கான சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் கொடுத்து அனுப்பினால் அது எஃப்.ஐ.ஆர். இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

*

கேள்வி: ‘75 கேஸ்’ என்று பிடித்துக் கொண்டுபோய், கோர்ட்டில் ‘ஒத்துக்கோ, ஃபைனோட முடிஞ்சிடும்’ என்றார்கள். ஒத்துக்கொண்டேன். பாஸ்போர்ட் கிடைக்குமா?
— ஒரு வாசகர், சென்னை

பதில்: 75 என்பது 1888-ஆம் ஆண்டு சென்னை நகரக் காவல் சட்டத்தின் பிரிவு எண். பொது இடத்தில் குடித்துவிட்டுக் கலாட்டா செய்தால் போடுவது. ஊரெல்லாம் ‘பெட்டி கேஸ்’ என்று சொன்னாலும், ஒத்துக்கொண்டு அபராதம் கட்டினால் சட்டப்படி அது குற்றவாளி என்ற தீர்ப்புதான். ஒத்துக்கொண்ட பிறகு தண்டனை அதிகம் என்று மட்டும்தான் மேல்முறையீட்டில் வாதாடலாம், குற்றமே செய்யவில்லை என்று சொல்ல முடியாது. அன்றைக்கு வீட்டுக்குச் சீக்கிரம் போக வேண்டும் என்பதற்காக இதைச் செய்கிறவர்களை வாரந்தோறும் பார்க்கிறேன்.

பாஸ்போர்ட்டுக்குப் பயப்பட வேண்டாம். ஐந்து ஆண்டுக்குள், ஒழுக்கக்கேடான குற்றத்துக்காக, இரண்டு வருடமோ அதற்கு மேலோ சிறைத்தண்டனை பெற்றவருக்குத்தான் அந்தத் தடை. வழக்கு கோர்ட்டில் நிலுவையில் இருந்தால்தான் சிக்கல் வரும், உங்கள் வழக்கு முடிந்துவிட்டது. படிவத்தில் கேட்டதற்கு உண்மையை எழுதுங்கள்.

*

கேள்வி: கோயில் திருவிழாவில் பணம் வைத்து ரம்மி ஆடினால் குற்றமா?
— வாசகர், வேடசந்தூர்

பதில்: பதின்மூன்று சீட்டு ரம்மி திறமை ஆட்டம் என்று 1968-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் இடம் கொடுப்பவர் பந்தயப் பணத்தில் லாபம் எடுத்தால் குற்றமாகலாம் என்றும் அதே தீர்ப்பில் இருக்கிறது. மங்காத்தாவுக்கு அந்தச் சலுகை கிடையாது, அது வெறும் அதிர்ஷ்டம். போலீஸ் வரும்போது கையில் எந்தச் சீட்டு இருந்தது என்று அவர்கள் எண்ணிக்கொண்டு நிற்க மாட்டார்கள். 1930-ஆம் ஆண்டு தமிழ்நாடு சூதாட்டச் சட்டத்தில் வழக்குப் போட்டு, பணத்தையும் சீட்டையும் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அது ரம்மிதான் என்று நீங்கள் கோர்ட்டில் நிரூபிக்க இரண்டு வருடம் ஆகும், அதற்குள் அடுத்த திருவிழாவும் முடிந்துவிடும்.